எவ்வளவு கட்டி வந்தீங்க?

(திருநெல்வேலியில் திருச்சபை இளைஞர் கூடுகை ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளிநாட்டில் திருச்சபையின் பயிற்சி ஊழியராக இருந்த முதல் நாட்களைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தீர்கள். முன்வரிசையில் இருக்கும் சிலர் அடுத்து இதே பயணத்துக்கு விண்ணப்பம் எழுதியிருப்பதாகவும் சொன்னார்கள். உங்களை மனத்தில் வைத்துத்தான் பேசுகிறேன். விமான நிலையம் எவ்வளவு சுத்தம், ரயில் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது என்பதெல்லாம் இன்று உங்கள் கைப்பேசியே சொல்லிவிடும். நான் சொல்ல வந்தது வேறு. புதிய ஊரில் நம் கண்ணுக்கு முதலில் என்ன படுகிறது என்பது, நாம் யாருடைய காசில் அங்கே போனோம் என்பதைப் பொறுத்தது. இதை எனக்குக் காட்டிக்கொடுத்த இடம் சிங்கப்பூரின் கேலாங்.

அனுப்புவது நமக்குப் புதிதல்ல. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, வெளியூர்ப் பணத்தை எதிர்பார்க்காமல் நம் ஆட்களை நம் காசில் அனுப்புவோம் என்று தீர்மானித்தவர்கள் நம் முன்னோர். வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா அதற்கு முன்னின்றார். நிஜாம் ராஜ்யத்தில் தோர்ணக்கல் என்ற, மொழியும் தெரியாத ஊருக்கு இங்கிருந்து ஆள் போனது. அந்தச் செலவின் ஒரு பங்கு நம் வீட்டு அடுப்படியிலிருந்து போனது. உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கொண்டுவந்து கொட்டும் வழக்கம் இங்குள்ள அம்மாக்கள் பலருக்கு இன்றும் உண்டு. என் விமானச் சீட்டிலும் அந்த அரிசி இருந்தது. அதை மறக்காமல் போகவேண்டும் என்று புறப்படும்போது என் பாட்டி சொன்னார். நல்ல புத்திமதி என்று கேட்டுக்கொண்டேன். அதன் பாரம் கேலாங்கில்தான் தெரிந்தது.

நான் போனது பெருந்தொற்றுக்கு முந்தைய காலம். சாங்கி விமான நிலையத்தில் என் பெயர் எழுதிய அட்டையோடு சபையார் இரண்டு பேர் நின்றார்கள். அறைச் சாவியும், பேருந்து ரயிலுக்கான அட்டையும் கையில் கொடுத்தார்கள். போகிற வழியிலேயே சாப்பிட வைத்தார்கள். அதே விமானத்தில் திருச்சியைச் சுற்றியுள்ள ஊர்க்காரப் பையன்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் ஃபைலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்கள். அதற்குள்தான் ஐ.பி.ஏ. என்று அவர்கள் சொல்லும் அனுமதிக் கடிதம் இருந்தது. ஒருவர் வந்து தலைகளை எண்ணி அவர்களை வரிசையாக அழைத்துக்கொண்டு போனார். நாங்கள் காரில் ஏறினோம். அவர்கள் லாரியில் ஏறினார்கள்.

இப்போது கேலாங்கைச் சொல்கிறேன், கொஞ்சம் விரிவாகவே. காலாங் ஆற்றிலிருந்து கிழக்கே கேலாங் செராய் வரை ஒரு நீண்ட சாலை. அதிலிருந்து இரண்டு பக்கமும் சந்துகள் பிரிகின்றன. சந்தை அங்கே மலாய் மொழியில் 'லோரோங்' என்கிறார்கள். வடக்குப் பக்கம் ஒற்றைப்படை எண்கள், தெற்குப் பக்கம் இரட்டைப்படை எண்கள். பழைய இரண்டு மாடிக் கடைவீடுகள் வரிசையாக நிற்கும், முகப்பில் பூவோடுகளும் சிறு தூண்களும் வைத்துக் கட்டியவை. கீழே கடை, மேலே வீடு, முன்னால் மழைக்கு ஒதுங்க ஐந்தடி நடைபாதை. ஒரே வரிசையில் சீன குலச் சங்கம், புத்த மடம், ஜெப வீடு, மலிவு விடுதி, தவளைக் கஞ்சிக் கடை எல்லாம் ஒட்டி ஒட்டி இருக்கும். ஜூன், ஜூலையில் தெருவோரம் முள்ளு முள்ளாக டுரியான் பழம் குவிந்துவிடும். அந்த வாசனை வீட்டுக்குள் ஏறி மெத்தை வரைக்கும் வந்துவிடும். பெரிய சாலையில் 1920இல் எழுந்த கதீஜா பள்ளிவாசல் இருக்கிறது. கொஞ்சம் வடக்கே நடந்தால் கேலாங் ஈஸ்டில் சிவன் கோயில். ஆர்ச்சர்ட் ரோட்டிலிருந்து பெயர்ந்து வந்த கோயில் அது. இப்போதைய கட்டடத்துக்கு 1993இல் குடமுழுக்கு நடந்தது.

இரட்டைப்படைச் சந்துகளில் சில வீட்டு வாசல்களில் கதவெண் மட்டும் பெரிதாகச் சிவப்பு விளக்கில் எரியும். அங்கே பாலியல் தொழில் நடக்கிறது. அந்நாட்டுச் சட்டத்தில் அந்தத் தொழில் தன்னளவில் குற்றமில்லை. குறிப்பிட்ட விடுதிகளைக் காவல்துறையின் கண்காணிப்பிலும் மருத்துவப் பரிசோதனையிலும் வைத்து நடக்கவிட்டிருக்கிறார்கள். "சிஸ்டர், எட்டு மணிக்கு மேல அந்தப் பக்கம் போகாதீங்க," என்று முதல் நாளே சொன்னார்கள். அக்கறையோடு சொன்னதுதான். ஆனால் வேலை முடிந்து அல்ஜுனிட் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும்போது அந்தப் பெண்களில் சிலரை நான் தினமும் பார்த்தேன். கோப்பிக்கடையில் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, என்னைப் போலவே கைப்பேசியில் ஊரில் இருக்கும் அம்மாவோடு பேசுவார்கள். அவர்களிலும் யாரோ கொடுத்த முன்பணத்தில் கடல் கடந்து வந்தவர்கள் உண்டு. அந்தத் தெருவில் நடமாடியவர்களில் யார் எந்தக் கடனைச் சுமந்து நடந்தார்கள் என்று கணக்கெடுத்தால், பெரும்பாலோர் பெயர் அந்த ஏட்டில் இருக்கும். என் பெயர் இருக்காது.

எனக்குக் கொடுத்த வேலை எளியது. அடிபட்ட, சம்பளம் வராத தொழிலாளர்கள் வரும் உதவி நிலையத்தில் அவர்கள் சொல்லும் தமிழைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதவேண்டும். மருத்துவமனைக்கும் மனிதவள அமைச்சுக்கும் கூடப் போகவேண்டும். கேலாங்கில் அன்று அறை எடுத்துத் தங்கியவர்களில் சீனர்களும் வங்காளதேசத்தவரும் அதிகம். நம்மவர்கள் தேக்கா எனும் லிட்டில் இந்தியா பக்கமிருந்து பஸ் பிடித்து வருவார்கள்.

முதல் வாரத்தில் ஒரு தம்பி வந்தார், அரியலூர்ப் பக்கம். இரும்புக் கம்பி விழுந்து கை விரல்களில் கட்டுப் போட்டிருந்தார். நான் விண்ணப்பத்தை எழுதிக்கொண்டிருந்தபோது அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி: "அக்கா, நீங்க எவ்வளவு கட்டி வந்தீங்க?"

"நான் எதுவும் கட்டலையே தம்பி. எங்க ஊர் அம்மாமாரு பிடி அரிசி போட்டு அனுப்பினாங்க," என்றேன்.

அவர் சிரித்தார். "எங்க அம்மாவும்தான் அனுப்பிச்சாங்க. தோடும் சங்கிலியும் வெச்சு அனுப்பிச்சாங்க."

அங்கே நம்மவர்கள் அறிமுகமாகும்போது ஊர் எது என்று கேட்பார்கள். அடுத்த கேள்வி இதுதான். யார் எந்த ஏஜெண்டிடம் எவ்வளவு கட்டினார் என்று. கேட்பதில் வெட்கமில்லை, சொல்வதிலும் வெட்கமில்லை. சிங்கப்பூர்க் கட்டட வேலைக்குப் போக, ஊரிலேயே கம்பி கட்டவோ குழாய் பொருத்தவோ டைல்ஸ் ஒட்டவோ பயிற்சி எடுத்து 'ஸ்கில் டெஸ்ட்' தேறவேண்டும். பயிற்சி, தேர்வு, ஏஜெண்ட், விமானச் சீட்டு எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று லட்சம் ஆனது என்றே நான் கேட்டவர்கள் பெரும்பாலும் சொன்னார்கள். அடிப்படைக் கூலி பலருக்கு நாளொன்றுக்கு 20 வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) ஒட்டித்தான் இருந்தது. மிகுதி நேர வேலைக்கு ஒன்றரை மடங்கு. அதனால் இரவு பத்து மணி வரை வேலை இருந்தால் நல்ல முதலாளி என்று பெயர். சாப்பாட்டுக்கும் போனுக்கும் போக, மிச்சம் வட்டிக்கும் அசலுக்கும் போய்விடும். தனக்கென்று ஒரு காசு சேர ஒரு வருஷமாவது ஆகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எனக்கு ஜாமீன் நின்றது சபை. அந்தத் தம்பிக்காக அவருடைய முதலாளி அரசாங்கத்திடம் 5,000 வெள்ளிப் பிணை வைத்திருக்கவேண்டும். மலேசியர் அல்லாத ஒவ்வொரு வேலை அனுமதிக்காரருக்கும் அது விதி. அனுமதி அந்த முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. அவர் அதை ரத்து செய்தால் ஊருக்குத் திரும்பவேண்டும். கடன் அடைந்ததா என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஒருவரை நம்பி வெளிநாடு போவது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் பொது. என்னை அனுப்பியவர்கள் நான் சோர்ந்தால் ஜெபிப்பார்கள், காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுவருவார்கள். அவர் காய்ச்சல் என்றால் ஒருநாள் கூலி போகும்.

விரல் அடிபட்டால் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லியாகவேண்டும். அதைத் தெரிந்துகொள்ளாமல் நீங்கள் அங்கே போனால் பிரயோஜனம் இல்லை. வேலையில் காயம்பட்டவருக்கு நஷ்டஈடு கொடுக்கச் சட்டம் இருக்கிறது, நல்ல சட்டம்தான். மருத்துவச் செலவு முதலாளியுடையது. வெளிநோயாளி என்றால் முதல் 14 நாள் விடுப்புக்கும், மருத்துவமனையில் படுத்தால் 60 நாளுக்கும் முழுச் சம்பளம், அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு. கை முழுதாகப் பழைய நிலைக்கு வராது என்று மருத்துவர் மதிப்பிட்டால், அந்தக் குறைக்கு ஒரு தொகை. காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் அப்போது இருந்த விதிப்படி, மூன்று நாளுக்கு மேல் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) கொடுத்தால்தான் அல்லது மருத்துவமனையில் சேர்த்தால்தான் முதலாளி அந்த விபத்தை அமைச்சுக்கு அறிவிக்கவேண்டும். அதனால் விரல் எலும்பு முறிந்தவருக்கும் இரண்டு நாள் எம்.சி., மறுபடி 'லைட் டியூட்டி' என்று எழுதி வாங்கிக்கொண்டு வருகிற நிறுவனங்கள் இருந்தன. அந்தச் சின்னச் சீட்டுகளைத்தான் பையன்கள் என் மேசையில் எடுத்து வைப்பார்கள். 2020 செப்டம்பர் முதல், ஒருநாள் எம்.சி. என்றாலும் அறிவிக்கவேண்டும் என்று விதியை மாற்றினார்கள். அந்த மாற்றத்துக்குப் பின்னால் இப்படிப்பட்ட சீட்டுகளை ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்து வாதாடிய மனிதர்களின் உழைப்பு இருக்கிறது. அவர்களை நான் வணங்குகிறேன்.

வழக்குப் போட்டவருக்குப் பெரும்பாலும் வேலை அனுமதி போய்விடும். பதிலாக 'ஸ்பெஷல் பாஸ்' கிடைக்கும். நாட்டில் இருக்கலாம், பொதுவாக வேலை செய்யக் கூடாது. சோறும் இடமும் முதலாளி கொடுக்கவேண்டும் என்றுதான் சட்டம். வழக்குப் போட்டுவிட்டு அதே முதலாளியின் விடுதியில் படுக்க யாருக்குத் துணிவு வரும்? வெளியே வந்துவிடுவார்கள். மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். ஊரில் கடன்காரர் கூப்பிட்டால் போனை எடுக்கமாட்டார்கள். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் தேக்கா கஃப் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக்கடையை வைத்து 2008இலிருந்து டி.டபிள்யூ.சி.2 என்ற அமைப்பு இலவச உணவு கொடுத்துவந்தது. கேலாங்கில் ஹெல்த்சர்வ் என்ற வேறோர் அமைப்பு கிளினிக் திறந்தது. கோ வெய் லியோங் என்ற குடும்ப மருத்துவரும் டாங் ஷின் யோங்கும் கிறிஸ்தவ விசுவாசத்தால் உந்தப்பட்டு 2006இல் தொடங்கியது அது. அந்த மருத்துவர் தன் கிளினிக்கில் நாள் முழுவதும் வேலை பார்த்துவிட்டு இந்த ஏழைகளுக்கும் மருந்து எழுதியவர்.

கேலாங்கில் திருச்சபை செய்த வேலை இவர்களோடு தொடங்கவில்லை. இதை உங்களுக்குச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை. 1980இல் அந்தப் பகுதியில் ஒரு கத்தோலிக்க மையம் திறக்கப்பட்டது. நடத்தியவர் கியோம் அரோட்சரெனா, பாரிஸ் மிஷன் சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக் குரு. அவரும் அந்நியர்தான், சபை அனுப்பி வந்தவர்தான். வீடுகளில் அடிபட்டு ஓடிவந்த பிலிப்பினோ பணிப்பெண்களுக்குத் தங்க இடம், முதலாளியோடு பேச ஆள், சட்ட ஆலோசனை என்று அந்த மையம் வேலை செய்தது. சபையின் முழுநேர ஊழியர்களும் இளம் தொண்டர்களும் அங்கே உழைத்தார்கள். ஏறக்குறைய உங்கள் வயதுக்காரர்கள்.

1987 மே 21ஆம் தேதி உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 16 பேர் கைதானார்கள், ஜூன் 20இல் மேலும் 6 பேர். அரசைக் கவிழ்க்க மார்க்சியச் சதி நடந்தது என்றது அரசு. கைதானவர்களில் பலர் பின்னர் அதை மறுத்தார்கள். விசாரணை நீதிமன்றத்துக்கு வரவில்லை. அந்த மையத்தில் உழைத்தவர்களும் கைதானவர்களில் இருந்தார்கள். கத்தோலிக்க நீதி சமாதான ஆணையத்தின் ஊழியர் வின்சென்ட் செங் 1990 வரை காவலில் இருந்தார். மையம் மூடப்பட்டது. கியோம் அடிகளாரும் மற்ற மூன்று குருக்களும் பொறுப்புகளிலிருந்து விலகினார்கள். கியோம் நாட்டைவிட்டுப் போனார். பல ஆண்டுகள் கழித்து 'கேலாங்கில் ஒரு குரு' என்ற பொருளில் தலைப்பிட்டு அந்த நாட்களை ஒரு புத்தகமாக எழுதினார்.

இதில் நமக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு பெயரும் உண்டு. எஸ். தனபாலன், சிங்கப்பூரின் வெளியுறவு அமைச்சராக இருந்த தமிழ்க் கிறிஸ்தவர். அவர் 1992இல் அமைச்சரவையிலிருந்து விலகினார். 1987இல் அந்த விவகாரம் கையாளப்பட்ட விதத்தில் அவருக்கு மனம் ஒப்பவில்லை என்பதும் ஒரு காரணம் என்று முன்னாள் பிரதமர் கோ சோக் தோங் சொன்னதாக 2009இல் வெளிவந்த ஒரு நூலின் வழியாகவே ஊருக்குத் தெரிந்தது. பதவி பெரியதுதான். மனச்சாட்சிக்கு அதைவிடப் பெரிய இடம் கொடுத்தார் அந்த மனிதர். நான் அவரை மதிக்கிறேன்.

இந்த 1987 கதையை நான் வந்திறங்கிய நாட்களில் யாரும் சொல்லவில்லை. சபையில் மூத்த ஒரு அம்மா, கேலாங் சந்தில் என்னோடு நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் சொன்னார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். அதன்பிறகு நான் அந்த ஊரைப் பார்த்த பார்வை மாறியது. எங்கள் சிறிய உதவி நிலையம் ஏன் அவ்வளவு கவனமாகப் பேசியது, ஏன் ஒவ்வொரு கடிதத்தையும் பத்து முறை திருத்தியது என்பதெல்லாம் புரிந்தது. 1998இல் கத்தோலிக்க உயர்மறைமாவட்டம் புலம்பெயர்ந்தோருக்கென ஆணையம் அமைத்தது. அதை வழிநடத்திய பிரிட்ஜெட் டான் 2004இல் 'ஹோம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அடிபட்ட இடத்தில் திருச்சபை மறுபடி கை வைக்க, 1987இலிருந்து 1998 வரை, பதினோரு வருஷம் ஆகியிருக்கிறது.

இனி தேக்கா. நம்மவர்களைப் பார்க்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவுக்குப் போகவேண்டும். வாரம் முழுக்க துவாஸிலும் கிராஞ்சியிலும் விடுதிகளில் இருப்பவர்கள் அன்றுதான் வருவார்கள். பணம் அனுப்ப, முடி வெட்ட, ஊர்க்காரனைப் பார்த்து ஒரு தேநீர் குடிக்க, வீரமாகாளியம்மன் கோயிலில் நிற்க, அங்கூலியா பள்ளிவாசலில் தொழ. நம் பையன்கள் தமிழ் ஆராதனைக்கும் வருவார்கள். ஓபிர் ரோட்டில் லூர்து மாதா ஆலயம் இருக்கிறது. 1888இல் தமிழ்க் கத்தோலிக்கருக்காகவே கட்டிய கோயில். கோயில் வாசலில் செருப்பைப் போட்டுவிட்டுத் தரையில் உட்காரும் பழக்கத்தோடு வந்த ஒரு பையன் அங்கே பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். பாட்டுத் தொடங்கியதும் அவன் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு, ரேஸ் கோர்ஸ் ரோட்டில் புதுக்கோட்டை மாவட்டத்துத் தொழிலாளி ஒருவர் தனியார் பேருந்தில் அடிபட்டு இறந்தார். அதையொட்டிக் கலவரம் மூண்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படி ஒன்றைப் பார்க்காத நாடு அது. பலர் தண்டனை பெற்றார்கள், ஐம்பதுக்கும் மேற்பட்டோர் நாடு கடத்தப்பட்டார்கள். விசாரணைக் குழுவின் முன் பேசிய காவல்துறை ஆணையர், லிட்டில் இந்தியாவைவிடக் கேலாங்தான் தமக்குக் கூடுதல் கவலை என்றார். 2015 ஏப்ரலில் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபோது நாடு முழுக்க இரவு பத்தரைக்கு மேல் பொது இடத்தில் குடிக்கத் தடை வந்தது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் மட்டும் தனி வட்டாரமாகக் குறிக்கப்பட்டு, அங்கே வார இறுதி முழுவதும் தடை என்றார்கள். ஏழைகள் ஓய்வெடுக்கக் கூடும் இரண்டு இடங்கள், ஒரே கோட்டுக்குள் வந்தன. குடியை நான் ஆதரிக்கவில்லை, நம் சபை மேடையில் நின்று அப்படிப் பேசவும் மாட்டேன். ஆனால் புல்வெளியில் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்கிற பையனும் அந்தக் கோட்டுக்குள் நிற்கிற ஆளாகவே பார்க்கப்பட்டான். நான் அவர்களோடு உட்கார்ந்திருந்தபோது ரோந்துக்காரர் வந்தால் அவர்கள் முதுகு நிமிர்ந்துவிடும். எனக்கு அப்படி ஆனதில்லை. என் பையில் சபைக் கடிதம் இருந்தது.

இன்னொரு கோயிலையும் சொல்லவேண்டும். புனித அந்திரேயா பேராலயம், வெள்ளைவெளேர் என்று நகரின் நடுவில் நிற்பது, 1862இல் பிரதிஷ்டை ஆனது. அதைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோன கைதிகள். சுவர்ப் பூச்சுக்கு நம் சென்னைச் சுண்ணாம்புக் கலவை: கிளிஞ்சல் சுண்ணாம்பும், முட்டை வெள்ளைக்கருவும், சர்க்கரையும், தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரும். கால் விலங்கு அரசாங்கத்துடையது. அதற்குள் நடந்த ஆங்கில ஆராதனையில் நான் விருந்தினராக முன்பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டேன். சுவரைத் தொட்டுப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. நம் நாட்டார் வேலை அது என்ற பெருமையும், அவர்கள் எப்படி வந்தார்கள் என்ற துக்கமும் இரண்டும் சேர்ந்தே வந்தன. இன்றும் அவை பிரிந்துபோகவில்லை.

நான் ஊர் திரும்பிய பிறகு 2020 வந்தது. விடுதிகளில் தொற்று புகுந்தது. ஒரு அறையில் பத்து, இருபது பேர் அடுக்குக் கட்டிலில் படுத்த இடத்தில் எப்படித் தள்ளி இருப்பது? அந்த ஆண்டு டிசம்பரில் அரசே வெளியிட்ட கணக்கு: விடுதிகளில் இருந்த சுமார் 3,23,000 பேரில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. மருத்துவம் இலவசமாகவும் நன்றாகவும் நடந்தது, உயிரிழப்பு மிகக் குறைவு. அதை நன்றியோடு சொல்லவேண்டும். ஆனால் விடுதியைவிட்டு வெளியே வர மட்டும் அவர்களுக்கு நீண்டகாலம் அனுமதி கிடைக்கவில்லை. மற்றவர்கள் கடைவீதிக்குப் போன பிறகும் அவர்கள் உள்ளேயே இருந்தார்கள். 2022 ஜூனிலும்கூட, ஞாயிறும் பொது விடுமுறையும் வந்தால் லிட்டில் இந்தியா, சைனாடவுன், ஜூரோங் ஈஸ்ட், கேலாங் செராய் ஆகிய நான்கு இடங்களுக்குப் போகத் தனி அனுமதிச் சீட்டு எடுக்கவேண்டியிருந்தது. அந்த அரியலூர்த் தம்பி, நஷ்டஈடு வாங்கி ஊருக்குப் போய், கடன் மிச்சம் இருந்ததால் வேறு நிறுவனத்தில் மறுபடி வந்திருந்தார். விடுதி அடைபட்டிருந்த மாதங்களில் எனக்குப் போன் செய்து, "அக்கா, ஜன்னல்ல இருந்து பார்த்தா அடுத்த பிளாக் ஜன்னல்தான் தெரியுது," என்றார். நான் பாளையங்கோட்டையில் வீட்டு வாசலில் நின்று அதைக் கேட்டேன்.

1910இல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு நடந்தபோது அசரியா அங்கே பேசினார். வந்த மிஷனெரிமாரின் தியாகத்துக்கு நன்றி சொல்லிவிட்டு, எங்களுக்கு நட்பும் வேண்டும் என்று கேட்டார். சம்பளம் கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே மேசையில் சமமாக உட்காரவில்லையே என்ற வேதனை அந்தக் கேள்விக்குள் இருந்தது. அன்று கொடுப்பவர்கள் வெள்ளைக்காரர்கள், கேட்டவர் நம் ஊர்க்காரர். கேலாங்கில் நான் மேசைக்கு அந்தப் பக்கம் பேனாவோடு உட்கார்ந்தபோது, கொடுக்கிற இடத்தில் இருந்தது நான். எதிரே இருந்தவர்கள் என் மொழி பேசினார்கள், என் அண்ணன் தம்பி வயது. அவர்கள் நன்றி சொல்லும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது. 'எவ்வளவு கட்டி வந்தீங்க' என்று கேட்டபோது கூச்சமாக இல்லை. அந்தக் கேள்வியில் அவர்கள் என்னைத் தங்களில் ஒருத்தியாக எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே அடுத்துப் போகிறவர்களே, விண்ணப்பத்தில் 'ஊழிய வாஞ்சை' என்ற கட்டத்தை நிரப்பும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். புதுக்கோட்டை, அரியலூர், தஞ்சாவூர், சிவகங்கை மாவட்டங்களில் ஆட்கள் சிங்கப்பூருக்குப் போயிருக்கும் ஊர் ஒன்றில் சில நாட்கள் தங்குங்கள். நகை எந்தக் கடையில் இருக்கிறது, வட்டி எவ்வளவு என்று அந்த வீட்டு அம்மாவிடம் கேளுங்கள், சொல்வார்கள். பிறகு காயம்பட்டோர் நஷ்டஈட்டுச் சட்டத்தைத் தமிழில் எடுத்துச் சொல்லப் பழகுங்கள். ஐ.பி.ஏ. கடிதத்தில் எழுதிய சம்பளமும் கையில் வந்த சம்பளமும் ஒன்றா என்று பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே வேதபாட வகுப்பு நடத்த ஆள் இருக்கிறார்கள். சம்பளச் சீட்டைப் படித்துச் சொல்லத் தமிழ் தெரிந்த ஆள் எப்போதும் குறைவு.

கடைசியாக, ஊழியரை அனுப்பும் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் பயிற்சி ஊழியரைக் கேலாங்கிலேயே தங்கவைக்கவேண்டும் என்ற வழக்கத்தை மறுபடி யோசியுங்கள். சந்துகளில் கடைகளுக்கு மேலே நெரிசலாகத் தங்கியிருந்தவர்களில் பலர் இப்போது அங்கே இல்லை. பெரிய விடுதிகளும் அவற்றுக்குரிய பொழுதுபோக்கு மையங்களும் துவாஸ், பெஞ்சுரு, கிராஞ்சிப் பக்கம் போய்விட்டன. தேக்காவிலிருந்து ஒருமணி நேரத்துக்கு மேல் ஆகும். ஞாயிறு மாலை ஆராதனை முடிந்து அந்தப் பஸ்ஸில் அவர்களோடு திரும்பிப்போக ஒரு ஆள் வேண்டும். அறை அந்தப் பக்கம் கேளுங்கள், வாடகை கூடினால் இங்கே கணக்கு அனுப்பச் சொல்லுங்கள். அம்மாமார் நீங்கள் எல்லோரும் இருக்கிறீர்கள், பானையும் இருக்கிறது.